குறையறிந்தவன் கடன்

ஒருவனுக்குச் சொந்தமான பொருளைப் பற்றி அவன் மட்டுமே அறிந்திருக்கும் உண்மையும் அந்தப் பொருளோடு சேர்ந்து அவனுக்கே சொந்தமாகிவிடுகிறதா, அல்லது அதை நம்பி நாளை வாழப்போகிறவனுக்கும் அந்த உண்மையில் உரிமை உண்டா என்னும் வினா, கடைவீதி தோன்றிய காலந்தொட்டே தர்ம சாஸ்திரிகளையும் தத்துவ ஞானிகளையும் விடாமல் தொடர்ந்து வருகிறது. குதிரையையும் தானியத்தையும் ஒட்டகத்தையும் முன்வைத்து முற்காலத்தார் இதனை ஆராய்ந்தார்கள். நம் காலத்தில் இவ்வினா மிகவும் கூர்மையாக எழுகின்ற இடம், அமெரிக்க நாட்டில் ஒரு குடும்பம் வீடு வாங்க ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னர், கிரயம் முடிவதற்கு முன்னால் கழிகின்ற அந்தச் சில நாட்களே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்நாட்டு வழக்கத்தில், விலை பேசி முடித்து, முன்பணம் கட்டி, இரு தரப்பாரும் கையெழுத்திட்ட பின்னரும், வாங்குபவனுக்குப் பொதுவாக ஒரு தவணை விடப்படுகிறது. ஒரு வாரமோ பத்து நாளோ கொண்ட அந்தத் தவணைக்குள் அவன் தன் செலவில் ஒரு பரிசோதகரை அமர்த்தி வீட்டைச் சோதித்துக்கொள்ளலாம். பரிசோதகர் கூரையைப் பார்வையிடுவார். விளக்கோடு பரணுக்குள் நுழைவார். நிலவறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார். மின்கம்பிகள் வந்து சேரும் பெட்டியைத் திறப்பார். குழாய்களைத் திறந்துவிட்டு நீர் எங்கே வடிகிறதென்று கவனிப்பார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலையை ஓடவிட்டு அதன் வயதைக் கணிப்பார். சுவரைப் பெயர்த்துப் பார்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லையாதலால், கண்ணுக்கும் கருவிக்கும் எட்டியதை மாத்திரமே படங்களுடன் அறிக்கையாக எழுதித் தருவார். 1976-ஆம் ஆண்டில் இத்தொழிலாளருக்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றி, பார்க்க வேண்டியவை இவை என்று ஒழுங்கு வகுத்ததிலிருந்து, இது ஒரு தனித் தொழிலாகவே நிலைபெற்றுவிட்டது. அறிக்கை கைக்கு வந்தபின் பேரம் மறுபடியும் தொடங்குகிறது. பழுதுகளைச் செப்பனிட்டுக் கொடு என்று வாங்குபவன் கேட்கலாம். அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொள் என்று கேட்கலாம். கிரயத்தன்று ரொக்கமாகக் கழித்துக்கொடு என்று கேட்கலாம். எதற்கும் விற்பவன் இசையாவிட்டால், தவணை கடவாதிருக்கும்வரை, முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலகியும் போகலாம்.

வெறும் பணவிவகாரம் என்று தரகர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் எவ்வளவு சொல்லுவது, எவ்வளவு கேட்பது, எதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது என்று இரண்டு குடும்பங்கள் தத்தம் அந்தரங்கத்தில் முடிவு செய்கின்ற நாட்கள் இவை. சத்தியத்தைக் குறித்து ஒருவன் கொண்டுள்ள கொள்கையைச் சோதிப்பதற்கு இவற்றைக் காட்டிலும் தகுந்த நாட்கள் சாமானிய வாழ்வில் அதிகம் வாய்ப்பதில்லை.

கி.மு. 44-ஆம் ஆண்டில், ஸீஸர் கொலையுண்டதால் ரோமாபுரி கலங்கிக் கிடந்த மாதங்களில், ஆதென்ஸ் நகரத்தில் கல்வி பயின்றுகொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் இயற்றிய சிசரோ, அதன் மூன்றாம் பாகத்தில் வீடு விற்கும் ஒருவனைக் கொண்டுவந்து நம் முன் நிறுத்துகிறார். அவனுடைய வீடு நோய்க்கு இடமானது. ஆனால் ஆரோக்கியமானதென்று ஊரார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். படுக்கையறைகளில் எல்லாம் பாம்புகள் தென்படுகின்றன. மரங்கள் உளுத்து, கட்டடம் விழும் நிலையில் இருக்கிறது. வீட்டுக்காரனைத் தவிர வேறொருவருக்கும் இது தெரியாது. அவன் வாய் திறவாமல், தான் எதிர்பார்த்ததைவிட மிகுந்த விலைக்கு அதை விற்றுவிடுகிறான். அவன் செய்தது அநியாயமா என்று கேட்டுவிட்டு, ஸ்டோயிக் தத்துவ மரபைச் சேர்ந்த இரண்டு பெரியவர்களை எதிரெதிரே பேசவிடுகிறார் சிசரோ. ஒருவர் பாபிலோனியரான டயோஜெனீஸ். மற்றவர் அவருடைய சீடரும் தார்ஸஸ் நகரத்தவருமான அன்டிபேட்டர்.

சீடருடைய கட்சி கண்டிப்பானது. மனிதரெல்லாரும் ஒரே சமுதாயத்தின் அங்கங்கள். ஒருவனுடைய நன்மை மற்றவனுடைய நன்மையோடு பிணைந்தது. ஆகையால் வாங்குபவன் அறிந்துகொள்ள வேண்டியதை விற்பவன் அறிந்திருந்தும் சொல்லாமலிருப்பது அந்தப் பிணைப்பையே அறுப்பதாகும். வழி தவறியவனுக்கு வழி காட்டாதவனை ஆதென்ஸ் நகரத்தார் பகிரங்கமாகச் சபித்தார்கள்; தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் போகவிடுவது அதனினும் கொடியதல்லவா என்பது அவர் கேள்வி. குருவோ வேறு விதமாகப் பார்க்கிறார். வாங்கு என்று அவன் வற்புறுத்தினானா? தனக்குப் பிடிக்காததை அவன் விற்றான். தனக்குப் பிடித்ததை இவன் வாங்கினான். நல்ல வீடு, நன்றாகக் கட்டிய வீடு என்று விளம்பரம் செய்பவர்களையே, வீடு அவ்விதம் இல்லாதபோதும், வஞ்சகர் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டைப் புகழவே செய்யாதவனை எப்படிக் குற்றவாளியாக்குவது? வாங்குபவனுக்குத் தன் புத்தியை உபயோகிக்க இடமிருக்கும்போது, விற்பவன் எங்கே வஞ்சித்தான்? நோய் பிடித்த வீடு விற்பனைக்கு என்று ஏலக்காரனைக் கூவச் சொல்லும் பேதை உலகத்தில் எங்கேனும் உண்டா?

குருவின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. வாங்குபவனைக் குழந்தையாகப் பாவிக்காமல், கண்ணும் அறிவும் உடைய ஒருவனாக மதிக்கின்ற வாதம் அது. எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமானால், கொடுப்பதற்கும் விற்பதற்கும் வேற்றுமையே இல்லாமற் போகும் என்ற அச்சமும் அதில் இருக்கிறது. சிசரோ இரு பக்கமும் கேட்டுவிட்டுச் சீடரின் பக்கம் சாய்கிறார். மௌனமாயிருப்பது எல்லாம் மறைப்பது ஆகாது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும், தனக்குத் தெரிந்த ஒன்றை அறிந்துகொள்வது யாருக்கு அவசியமோ அவர்கள் அதை அறியாமலிருப்பதனால் தனக்கு லாபம் வர வேண்டுமென்று விரும்புகிறவன் மறைக்கிறான் என்பது அவருடைய தீர்ப்பு. வாய் அடைத்திருப்பது எங்கும் ஒன்றுபோலவே இருந்தாலும், உள்ளே இருக்கிற விருப்பம் வேறாகையால், அந்த விருப்பத்தைக் கொண்டே செயலின் தன்மையை நிச்சயிக்க வேண்டும் என்கிறார்.

இது ஏட்டுத் தத்துவமாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்கு அவரே ஒரு வழக்கையும் எடுத்துக்காட்டுகிறார். ஸீலியன் குன்றின் மேலிருந்த ஓர் உயர்ந்த வீடு, கோட்டை மேட்டிலிருந்து பறவைச் சகுனம் பார்க்கும் நிமித்திகருடைய பார்வையை மறைத்தது. மறைக்கின்ற பகுதியை இடித்துவிடும்படி அவர்கள் உத்தரவிட்டார்கள். உத்தரவு பெற்ற சென்டுமாலஸ் என்பவன் அதைப் பற்றி மூச்சு விடாமல் வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவனுக்கும் அதே உத்தரவு வந்தது, அவன் இடித்தான், பிறகு முன் நடந்ததை அறிந்து வழக்குத் தொடுத்தான். விற்கும்போதே விஷயத்தை அறிந்திருந்து சொல்லாமல் விட்டமையால் நஷ்டத்தை விற்றவனே ஈடு செய்ய வேண்டும் என்று நீதிபதி மார்க்கஸ் கேட்டோ தீர்ப்புக் கூறினார்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க நீதிமன்றங்கள் இதே வழியை மெல்ல மெல்ல, தயங்கித் தயங்கி நடந்து கடந்தன. 1942-இல் மாஸசூஸட்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு ஒரு வீட்டு வழக்கு வந்தது. கறையான் அரித்த வீட்டை, அதை அறிந்திருந்த ஒரு வங்கி, ஒன்றும் சொல்லாமல் விற்றுவிட்டதென்பது வாங்கியவருடைய முறையீடு. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பொய் எதுவும் சொல்லப்படவில்லை. சோதித்துப் பார்ப்பதைத் தடுக்கவும் இல்லை. வெறும் மௌனத்துக்காக இந்த விற்பனையாளரைத் தண்டித்தால், மறைந்த குறையைச் சொல்லாத விற்பனையாளர் எவரும் தப்ப முடியாது. அதுபோலவே, பொருளில் மறைந்து கிடக்கும் சிறப்பை அறிந்தும் சொல்லாத வாங்குபவர் எவரும் தப்ப முடியாது. மனித இயல்பின் பலவீனத்தின்மேல் அவ்வளவு உயர்ந்த லட்சியத்தைச் சுமத்துமளவுக்குச் சட்டம் இன்னும் வளரவில்லை என்று அவர்கள் கருதினார்கள். 1960-இல் வாஷிங்டன் மாநிலத்தில் வந்த வழக்கும் கறையானைப் பற்றியதே. விற்பவர்கள் அரைகுறையாக மருந்தடித்து, வெளியே தெரிந்த அடையாளங்களை மட்டும் பழுது பார்த்துவிட்டு விற்றிருந்தார்கள். வாங்குபவர் கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் முடிவு செய்தது. 1985-இல் ஃபுளோரிடாவில், ஒழுகும் கூரையைச் சிறு விஷயம், சரி செய்தாயிற்று என்று சொல்லி விற்றவர்களுடைய வழக்கில், எளிதில் புலப்படாததும் வீட்டின் மதிப்பைப் பாதிப்பதுமான குறையை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி அம்மாநிலத்தில் உறுதியாயிற்று.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டத்தை நினைக்காமலிருக்க முடியவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தன் 55-ஆம் பிரிவில், விற்பவன் அறிந்ததும், வாங்குபவன் அறியாததும், சாதாரண ஜாக்கிரதையினால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை விற்பவன் சொல்லக் கடமைப்பட்டவன் என்று தெளிவாகவே விதித்திருக்கிறது. மாஸசூஸட்ஸ் நீதிபதிகள் மனித இயல்புக்கு மிகை என்று கருதிய லட்சியம், அதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே இங்கே ஏட்டில் ஏறிவிட்டது. ஏட்டில் ஏறியது நடைமுறையில் எவ்வளவு வாழ்கிறது என்பது வேறு விஷயம். இச்சட்டத்துக்குப் பத்து ஆண்டு மூத்த 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமோ, வெறும் மௌனம் மோசடியாகாது என்பதைப் பொது விதியாகக் கொண்டு, அதை ஒரு குதிரையை வைத்து விளக்குகிறது. நோய்ப்பட்ட குதிரையை அந்நியன் ஒருவனுக்கு ஏலத்தில் விற்கிறவன் ஒன்றும் சொல்லாவிட்டால் அது மோசடி அன்று. வாங்குவது அப்போதுதான் பருவ வயதடைந்த தன் மகளாக இருந்தால், அந்த உறவே அவனைப் பேசக் கட்டாயப்படுத்துகிறது. மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே கொள்வேன் என்று வாங்குபவன் சொன்னபின் அவன் வாளாவிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாகிவிடுகிறது.

மகளிடம் பேச வேண்டும், அந்நியனிடம் பேச வேண்டியதில்லை என்னும் இந்தப் பாகுபாட்டைச் சிந்திக்கும்தோறும், வீடு விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே அந்த வீடே ஓர் உறவை உண்டாக்கிவிடவில்லையா என்ற எண்ணம் என்னுள் வலுக்கிறது. குதிரை நொண்டினால் இறங்கி நடக்கலாம். வீட்டிலோ மனிதன் தூங்குகிறான். தன் காவலையெல்லாம் களைந்துவிட்டு, குழந்தைகளைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு, தலைக்குமேல் இருப்பதை நம்பிக் கண்ணை மூடுகிறான். யூதருடைய வேதத்தில், உபாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து எவனேனும் விழும்போது அந்த ரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது பணம் கொடுத்தவனுக்கு மட்டும் பட்ட கடன் அன்று. மாடிக்கு ஏறி வருகிற யாருக்கும் பட்ட கடன். ஒப்பந்தம் தோன்றுவதற்கு முன்னரே வீடு தன் சொந்தக்காரனைக் கடனாளியாக்கிவிடுகிறது என்பதை அந்தப் பழைய சமுதாயம் அறிந்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத தர்மத்தைத் தொகுத்து எழுதிய மைமோனிடஸ், விற்கும் பொருளில் குறை இருப்பதை அறிந்தவன் அதை வாங்குபவனுக்குச் சொல்ல வேண்டும் என்று விதித்தபோது, இந்த உணர்ச்சியையே வியாபாரத்துக்கும் விரித்தார்.

கண்ணுக்குத் தெரிகின்ற கைப்பிடிச் சுவரைப் போலன்றி, நிறமும் மணமும் இல்லாத கேடுகளும் வீட்டில் உண்டு. 1984-ஆம் ஆண்டின் இறுதியில், பென்ஸில்வேனியா மாநிலத்தில் கட்டப்பட்டு வந்த ஓர் அணுமின் நிலையத்தில், ஒரு பொறியாளர் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் கதிரியக்கத்தை அறிவிக்கும் மணி ஒலித்தது. நிலையத்தில் ஏற்பட்ட கசிவுதானோ என்று தேடிப் பார்த்ததில், நஞ்சு அவருடைய வீட்டிலிருந்து வந்திருப்பது புலனாயிற்று. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதனால் பிறக்கும் ரேடான் என்னும் வாயு நிலவறை வழியாக வீட்டுக்குள் ஏறி நிறைந்திருந்தது. நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது அது. அதற்குப் பிறகுதான் வீடு வாங்குவோர் ரேடானைச் சோதிக்கும் வழக்கம் அந்நாட்டில் பரவியது. ஒரு லிட்டர் காற்றில் 4 பிக்கோகியூரி அளவை எட்டினால் வீட்டைத் திருத்த வேண்டும் என்று அரசாங்கம் அறிவுரை கூறுகிறது. ஈயம் கலந்த வண்ணப்பூச்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வீடுகளில் அதை உபயோகிப்பதை 1978-இல் தடை செய்த அந்நாடு, அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவர் தாம் அறிந்த ஈயப்பூச்சைத் தெரிவித்து, வாங்குபவர் சோதித்துக்கொள்ளப் பத்து நாள் அவகாசமும் அளிக்க வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதித்தது. பூச்சுதிரும் துணுக்கைத் தரையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதில்லை. அக்குழந்தையை முன்னிறுத்திப் பார்க்கும்போது, வாங்குபவனுக்கு அறிவு இல்லையா என்ற டயோஜெனீஸின் கேள்வி வலுவிழந்து போகிறது.

இனி, எல்லாவற்றிலும் சிக்கலானதாக நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். பரிசோதகருடைய அறிக்கை வாங்குபவனுக்குச் சொந்தமானது. பேரம் முறிந்து அவன் விலகிப்போகும்போது அதை விற்பவனிடம் கொடுத்தால், விற்பவன் அந்தக் கணமே குறையை அறிந்தவனாகிவிடுகிறான். அடுத்து வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லும் கடமை அவனைப் பற்றிக்கொள்கிறது. ஆகையால், அறிக்கையை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், உங்களுக்கு வேண்டியது எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் விற்பனையாளர்களும், அவர்களுக்கு அவ்விதம் யோசனை சொல்லும் தரகர்களும் உண்டு. தெரிந்ததை மறைப்பது குற்றமென்றால், தெரிந்துகொள்ளாமலேயே இருந்துவிடுவோம் என்பது இதன் உட்பொருள். சட்டத்தின் சொற்களுக்கு இது பெரும்பாலும் உட்பட்டே இருக்கிறது. தர்மத்துக்கு உட்பட்டதா?

அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்பது எல்லா தர்ம நூல்களுக்கும் பொதுவான கொள்கை. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மகா வித்துவானான தாமஸ் அக்வினாஸ் அறியாமைகளைத் தரம் பிரித்தபோது, விரும்பித் தேடிக்கொள்கிற அறியாமை என்று ஒன்றைத் தனியே எடுத்துவைத்தார். தடையின்றித் தவறு செய்யலாம் என்பதற்காகவே ஒன்றைத் தெரிந்துகொள்ள மறுப்பவனுடைய அறியாமை, குற்றத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்குகிறது என்பது அவர் கருத்து. அறிக்கையை வாங்க மறுப்பவனுடைய நிலை அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று கொஞ்சமும் ஊகிக்காதவன் அதைத் திறக்க அஞ்சமாட்டான். ஒதுக்கிவைக்கும்போதே அவன் மனம் பாதியைப் படித்துவிட்டது. மற்றப் பாதியைப் படிக்காததனால் கிடைப்பது, நாளை நீதிமன்றத்தில் தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் வசதி ஒன்றே. இதற்கிடையில் அடுத்த குடும்பம் வீட்டைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறது. சிசரோ சொன்ன அந்த விருப்பம், அதாவது பிறர் அறியாமலிருப்பதனால் எனக்கு லாபம் வர வேண்டுமென்ற விருப்பம், இங்கே ஒரு சுற்றுச் சுற்றி, நானும் அறியாமலிருக்க வேண்டும் என்ற வேஷத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

‘உள்ளது உள்ளபடியே விற்கிறேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதையும் சிலர் இப்படியே பயன்படுத்தப் பார்க்கிறார்கள். அச்சொற்களுக்கு நேரிய பொருள் ஒன்று உண்டு. பழுது பார்த்துக் கொடுக்கும் சுமையை நான் ஏற்க மாட்டேன், அதற்கேற்ற விலையை நீ கொடு என்பதே அது. சொல்லும் சுமையையும் அதனோடு சேர்த்து இறக்கி வைத்துவிட முடியாது. தெரிந்தே மறைத்தவனை இந்தச் சொற்கள் காப்பாற்றுவதில்லை என்பதே அமெரிக்க நீதிமன்றங்களில் பெரும்பான்மையின் நிலை.

பரிசோதகர் என்னும் மூன்றாம் மனிதருக்கு வருவோம். இஸ்லாமிய தர்மம் இவரைத் தொழில் தோன்றுமுன்னரே அறிந்திருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. நபிகள் நாயகம் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. அப்படியானால் எல்லாரும் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்ற கருத்தை அவர் அறிவித்தார் என்பது இமாம் முஸ்லிம் தொகுத்த ஹதீஸ் நூலில் இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவாக்கினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத்து என்னும் இறையருள் உண்டாகும், மறைத்தால் அது அழிந்துபோகும் என்பதும் நபியின் போதனை. இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலில், தொழிலையும் சம்பாத்தியத்தையும் பற்றிய பகுதியில் ஒரு வரலாற்றைச் சொல்கிறார். நபித்தோழரான வாஸிலா ஒரு சந்தையில் நின்றுகொண்டிருந்தார். ஒருவன் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் ஒன்றை விற்றான். கவனம் வேறெங்கோ இருந்த வாஸிலா, வாங்கியவன் ஒட்டகத்தோடு புறப்பட்டுவிட்டதைக் கண்டதும் அவன் பின்னே ஓடி, இதை இறைச்சிக்கு வாங்கினாயா, சவாரிக்கு வாங்கினாயா என்று கேட்டார். சவாரிக்கு என்றான். அதன் பாதத்தில் ஒரு துளை இருப்பதை நான் பார்த்தேன், நெடும் பயணத்தை அது தாங்காது என்றார். அவன் திரும்பி வந்தான். விற்றவன் 100 திர்ஹத்தைக் குறைத்துக்கொண்டான். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வாஸிலாவிடம் வருந்தவும் செய்தான். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியிடம் நாங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருடைய பதில்.

இந்த வரலாற்றில் என்னைக் கவர்வன இரண்டு. முதலாவது, இறைச்சிக்கா சவாரிக்கா என்ற கேள்வி. குறை என்பது பொருளில் மட்டும் இல்லை. அது எதற்காக வாங்கப்படுகிறதோ அந்த நோக்கத்தோடு சேர்ந்தே அது குறையாகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கென்று வாங்குபவனுக்குக் கூரை ஒழுக்கு ஒரு பொருட்டல்ல. மூச்சிரைப்பு நோயுள்ள தாயை அழைத்து வந்து வைத்துக்கொள்ளப் போகிறவனுக்கு நிலவறையின் பூஞ்சணம் பெரிய விஷயம். எண்ணிக்கை மிகுந்த அறிக்கையைவிட, யார் வாழப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதப்பட்ட அறிக்கை உயர்ந்தது. இரண்டாவது, உண்மை வெளிப்பட்டதும் வியாபாரம் முறிந்துபோகாமல் 200 திர்ஹத்தில் நிலைபெற்றது. பேரம் தானாகவே பாவமான காரியம் அன்று. இருவரும் ஒரே உண்மையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள் என்பதால் அந்தப் பேரம் சுத்தமாயிருந்தது. மறைத்து வைத்துப் பேசியிருந்தால் முதலில் கொடுத்த 300 திர்ஹத்தை விலை என்றே சொல்ல முடியாது. ஒருவன் அறிவுக்கும் மற்றொருவன் அறியாமைக்கும் உள்ள இடைவெளியின் அளவு என்று வேண்டுமானால் சொல்லலாம். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வணிகனை நினைத்து, பிறருடைய பொருளையும் தன்னுடையதுபோல் பேணுவதே அவனுக்கு வாணிகம் என்று வரையறுத்ததும், இந்த இடைவெளியில் லாபம் தேடாதவனைக் கண்முன் கொண்டுதான் என்று கருதுகிறேன்.

இவ்வளவு தூரம் விற்பவனையே நிறுத்தி விசாரித்தோம். அறிக்கை கைக்கு வந்த கணத்திலிருந்து சோதனைக்கு உள்ளாகிறவன் வாங்குபவன். நாற்பது, ஐம்பது பக்கங்கள் நீளும் அந்த அறிக்கையில், உயிருக்கு ஆபத்தான மின்கம்பியும் கீச்சிடும் கதவுக் கீலும் அடுத்தடுத்து இடம்பெறும். அனைத்தையும் திரட்டி ஒரு பெருந்தொகையாக்கி நீட்டலாம். எதிரே இருப்பவன் வேறூரில் வேலை ஏற்றுக்கொண்டு, வேறொரு வீட்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால், அந்தத் தொகையை இன்னும் சற்று உயர்த்தவும் மனம் தூண்டும். பல தரகர்கள் இதைச் சாமர்த்தியம் என்பார்கள். அக்வினாஸ் கிரய விக்கிரயத்தைப் பற்றி எழுதியபோது, விற்பவன் அறிந்த மறைவான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டு, ஒற்றைக் கண் குதிரையைப் போல் குறை வெளிப்படையாக இருந்து, அதற்குத் தக்கபடி விலையும் குறைக்கப்பட்டிருந்தால், அதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார். சொன்னால் வாங்குபவன் நியாயமான அளவுக்கும் மேலே விலையைக் குறைக்கப் பார்ப்பான் என்பது அவர் காட்டிய காரணம். வாங்குபவனுடைய பேராசையிலிருந்தும் விற்பவனைக் காக்க வேண்டும் என்ற அந்தப் பரிவை நம் காலத்தார் மறந்துவிட்டார்கள். முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதே தேய்ந்த தரையையும் பழைய சாளரங்களையும் கண்டு, அவற்றுக்குச் சேர்த்தே குறைந்த விலை பேசியவன், அறிக்கையில் அவை அச்சாகியிருப்பதைக் காட்டி மறுபடியும் விலை குறைக்கச் சொல்வது ஒரே குறைக்கு இருமுறை கூலி கேட்பதாகும்.

பழுதை விற்பவனே பார்த்துக் கொடுக்க வேண்டுமா, பணமாகக் கொடுத்துவிட வேண்டுமா என்பதில் அனுபவசாலிகள் பணத்தையே விரும்புகிறார்கள். தான் இனி நனையப் போகாத கூரையை ஒருவன் எவ்வளவு அக்கறையோடு வேய்வான் என்ற சந்தேகம் அவர்களுக்கு. மலிவான ஆளை வைத்து மேலுக்கு ஒட்டிவிட்டுப் போனால், புதுக் குறை ஒன்று பழைய குறையின் மேல் மூடியாக அமையும். சந்தேகம் நியாயமானதே. பயனைத் தான் அனுபவிக்கப் போவதில்லை என்று அறிந்தும் காரியத்தைச் செவ்வையாகச் செய்வது என்ற கீதையின் பெரிய உபதேசத்தை, காலி செய்யப்போகிற வீட்டின் ஒழுக்கை அடைக்கும் மனிதனிடம் எதிர்பார்த்து ஒப்பந்தம் எழுத முடியாது. ஆனாலும் அப்படிச் செய்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த மரத்துண்டு எப்போது மாற்றப்பட்டது, எந்தக் குழாய் குளிர்காலத்தில் உறையும், எந்த வேலையாள் நம்பத் தகுந்தவர் என்று தாளில் எழுதிச் சமையலறையில் வைத்துவிட்டுச் செல்பவர்களை எந்தச் சட்டமும் அவ்வாறு செய்யச் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது, மாஸசூஸட்ஸ் நீதிபதிகள் அன்று அஞ்சி நின்ற இடம். விற்பவன் குறையைச் சொல்ல வேண்டுமானால், வாங்குபவன் சிறப்பைச் சொல்ல வேண்டாமா? அஸ்திவாரத்தில் ஒரு விரிசலைப் பார்த்து, கட்டடமே இறங்கிவிட்டது என்று பயந்து, வீட்டுக்காரன் விலையை வெகுவாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவன் அமர்த்திய பரிசோதகரோ, அவ்விரிசல் மேற்பூச்சோடு நிற்பது, உள்ளே கட்டடம் திடமாயிருக்கிறது என்று எழுதித் தருகிறார். கூரையின் பழுதுக்காகப் பணம் கேட்டு எழுதப்போகும் கடிதத்தில் இதையும் எழுதுவானா? நம் நாட்டுச் சட்டம் இந்தப் பக்கத்தையும் முற்றிலும் மறந்துவிடவில்லை. சொத்தின்மேல் விற்பவனுக்கு உள்ள உரிமையின் தன்மையையும் அளவையும் பற்றி, மதிப்பை உயர்த்தக்கூடிய ஒன்றை வாங்குபவன் மட்டும் அறிந்திருந்தால் அவன் சொல்ல வேண்டும் என்று அதே 55-ஆம் பிரிவு கூறுகிறது. கட்டடத்தின் திடத்தைப் பற்றி அது பேசவில்லை. தர்மம் அங்கே நின்றுவிட வேண்டியதில்லை. மலிவாக வாங்கிக் கொள்ளை விலைக்கு விற்க விரும்புவது எல்லா மனிதருக்கும் இயல்பு என்று ஒரு நாடகக்காரன் சொன்னதை மறுக்கப் புகுந்த புனித அகஸ்டின், தமக்குத் தெரிந்த ஒருவர் சுவடி ஒன்றை வாங்கச் சென்றபோது, அதன் மதிப்பை அறியாமல் விற்பவன் அற்ப விலை சொல்வதைக் கண்டு, அவன் எதிர்பாராத வகையில் உரிய பெரிய விலையையே கொடுத்துவிட்டு வந்ததை எழுதிவைத்தார். ஆகவே அந்த லட்சியம் மனித இயல்புக்கு அப்பாற்பட்டதன்று; ஒரு சுவடிக்கு இயன்றது ஒரு வீட்டுக்கும் இயலும். விரிசல் பொருட்படுத்தத் தக்கதன்று என்பதை அறிந்தவன் அதை முதலில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் கூரைக்கு வேண்டிய தொகையைக் கேட்கட்டும். விலை சற்று ஏறக்கூடும். கூரையைப் பற்றி அவன் சொல்வதை விற்பவன் சந்தேகமின்றி நம்புவதற்கும் அதுவே காரணமாகலாம்.